புதினா இருந்த தொட்டி

மார்ச் 3, வெள்ளி

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னார், எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவன் நான். எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் விட்டோம், எப்போது உப்பு வாரினோம் என்று எழுதிப் பழக்கம் உண்டு. வீட்டு விஷயத்தை எழுதியதில்லை.

விஷயம் இதுதான். பிப்ரவரி இரண்டாம் தேதி நானும் என் மனைவி பூங்கனியும் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். முள்ளக்காடு தாண்டியதும் ஒரு கருப்பு நாய் குறுக்கே வந்தது. விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்குப் பின்மண்டையில் ஒன்பது தையல், பதினோரு நாள் ஆஸ்பத்திரி. தையல் ஆறிவிட்டது. ஆனால் மோப்பம் போய்விட்டது. பூ, மீன், பினாயில் எதை நீட்டினாலும் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள்.

மண்டை அதிர்ந்ததில் வாசனை நரம்பு அறுந்திருக்கும் என்று மூக்கு டாக்டர் சொன்னார். "தானா வளர்ந்தா உண்டு. ஆறு மாசம் பாப்போம். அதுக்குள்ள வரலேன்னா பெரும்பாலும் வராது." அதுவரை தினம் இரண்டு வேளை நாலு வாசனைகளை முகர்ந்து பழக வேண்டுமாம், எத்தனை தெரிந்தது என்று மதிப்பெண் போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். நாலு எண்ணெய்க் குப்பிகள் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நாலையும் முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"நாலும் தண்ணிதான். இதெல்லாம் எனக்கு முன்னயே பழக்கமில்லாத வாசன. பழகாதத எங்க போய்த் தேடுவேன்? இலையக் கொண்டாங்க. இலைன்னா எனக்குத் தெரியும்."

நாலுக்குப் பூஜ்யம்.

மார்ச் 5, ஞாயிறு

பஸ்ஸில் தூத்துக்குடி போய் நர்சரியில் ஒரு மணி நேரம் நின்றேன். ஸ்கூட்டர் வேண்டாம். அது சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது.

பூங்கனி சொல்லி அனுப்பிய பட்டியல்: புதினா, துளசி, மருக்கொழுந்து, கற்பூரவல்லி. நர்சரிக்காரர் பட்டியலைக் கேட்டுவிட்டு, "எந்த ஏரியா அண்ணாச்சி?" என்றார். முத்தையாபுரம் என்றேன். "போர் தண்ணியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பிளாஸ்டிக் பூ வாங்கிட்டுப் போங்க. அதுதான் உங்க ஊர்ல நல்லா வரும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் அக்கறையாகப் பேசினார். புதினாவுக்கு உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. மருக்கொழுந்து திண்டுக்கல் பக்கத்துச் செடி, இந்த வெயிலைத் தாங்காது. கொத்தமல்லி இப்போது போட்டால் இலை விடுவதற்கு முன்னால் பூத்துவிடும். துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், திருநீற்றுப் பச்சிலை நாலும் நம் மண்ணுக்கு முகம் சுளிக்காது என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பட்டியலில் இருந்ததையே வாங்கி வந்தேன். அவள் கேட்டது அதுதான்.

மார்ச் 6, திங்கள்

மொட்டைமாடியில் கிழக்குச் சுவர் ஓரமாக நாலு தொட்டிகள். படியிலிருந்து பார்த்தால் முதலில் புதினா, அடுத்து துளசி, மருக்கொழுந்து, கடைசியில் கற்பூரவல்லி. எதையும் வரிசையில் வைத்தால்தான் எனக்குக் கை ஓடும். பூங்கனிக்குத் தலைசுற்றல் இருப்பதால் படி ஏறக்கூடாது என்று உத்தரவு. நான் இலைகளைக் கிள்ளித் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோகிறேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒவ்வொன்றாகக் கசக்கி அவள் மூக்குக்கு நேரே பிடிப்பேன்.

நாலுக்குப் பூஜ்யம்.

இன்றிலிருந்து எனக்கு உப்பு போட வேண்டாம், குழம்போ கூட்டோ உப்பு போடுவதற்கு முன்னால் எனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துவிடு என்று சொல்லிவிட்டேன். இந்த வயசுக்கு நல்லது. பூங்கனி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

மருக்கொழுந்து செத்தது. பூங்கனியிடம் சொன்னேன். "பாவம், நான்தான் கேட்டு வாங்கிட்டேன்" என்றாள். அந்த இடத்தில் எலுமிச்சைப்புல் வைத்தாயிற்று. பூஜ்யம்.

மார்ச் 25, சனி

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வந்திருந்தாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பெண்கள் பக்கத்து வேலைகளை எல்லாம் எடுத்துச் செய்கிறவள் அவள். ஆடி மூன்றாம் செவ்வாய் கொடை. இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, இந்த வருஷமும் பானைக்கு நீங்கதான். அதுக்குள்ள சரியாயிரும்" என்றாள்.

எங்கள் கோயிலில் படைப்புக்கு ஆக்குகிறதை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. அம்மனுக்கு வைக்கும் முன்னால் ருசி பார்த்தால் எச்சில் ஆகிவிடும். அதனால் வாசனையை வைத்துத்தான் உப்பும் புளியும் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அந்த வேலை பூங்கனியுடையது. பானைக்கு மேல் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பாள். "அரைக் கை உப்பு" என்பாள். அரைக் கை போட்டால் சரியாக இருக்கும். உப்பளத்துக்காரன் நான், ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் எந்தப் பாத்தித் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நாக்கில் வைக்காமல் உப்பைச் சொல்கிற வித்தை எனக்கு வராது. கல்யாணமான புதிதில் வீட்டுக் குழம்புக்கு இவள் இப்படிச் சொல்வதைப் பார்த்து இவளிடம் எனக்கு ஒரு பயம்கூட இருந்தது.

பேச்சித்தாய் போன பிறகு பூங்கனி வெகு நேரம் தட்டில் இருந்த இலைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். மோப்பம் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். வரும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் அனுசியா பார்சலில் ஒரு செடி அனுப்பியிருக்கிறாள். ரோஸ்மேரி என்று பேர், ஊட்டிச் செடியாம். நல்ல காட்டமான வாசனை, அம்மாவுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்று போனில் சொன்னாள். ஊட்டியில் இருப்பதை முத்தையாபுரத்தில் கொண்டு வந்து வைத்தால் அது என்ன பாவம் செய்தது? ஆனாலும் தனியாக நிழலில் வைத்தேன்.

பேச்சோடு பேச்சாக, "அந்த நாய் யார் வீட்டு நாய்னு தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள். தெருநாய்தாம்மா, செவலை நாய் என்றேன். பூங்கனி போனை வாங்கி, "ஆமாளா, செவல நாய்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 20, வியாழன்

ரோஸ்மேரி பத்து நாள் இருந்தது. வேர் அழுகிவிட்டது.

புதினாவைக் காப்பாற்றுவது பெரிய பாடு. குடிக்கிற தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிறது. அதில் ஒரு செம்பு எடுத்துப் புதினாவுக்கு ஊற்றுகிறேன். "மனுசனுக்கே இல்ல, செடிக்கு நல்ல தண்ணியா?" என்று பூங்கனி சத்தம் போட்டாள். போடட்டும்.

அவள் சாப்பாடு நாளுக்கு நாள் குறைகிறது. சோறு பஞ்சு மாதிரி இருக்கிறது, எதைத் தின்றாலும் ஒன்றுதான் என்கிறாள். அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் இன்று எடை மிஷினில் ஐம்பத்தைந்து.

மத்தியானம் சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பிரஷர் கிடையாது. டாக்டரும் ஒண்ணும் சொல்லல. அப்ப எதுக்கு உப்பு வேண்டாங்கீய?"

"சும்மாதான்."

"நேத்திக்கடனா?"

கை கழுவ எழுந்துவிட்டேன்.

மே 7, ஞாயிறு

அக்கினி வெயில். பூங்கனியின் பழைய சேலை ஒன்றை நாலு மூலையிலும் கட்டித் தொட்டிகளுக்கு நிழல் போட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வெயில் ஏறினால் வேர் வெந்துவிடும்.

துளசிக்கும் புல்லுக்கும் கற்பூரவல்லிக்கும் போர் தண்ணீர்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. ஆயுள் முழுக்க உப்பு எப்போது பூக்கும் என்று வெயிலைப் பார்த்துக் காத்திருந்தவன், இப்போது கரண்டியை வைத்துச் சுரண்டுகிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. பாதி. பூஜ்யம்.

மே 21, ஞாயிறு

சாயந்திரம் கடைசி இலையைப் பிடித்தபோது பூங்கனி புருவத்தைச் சுருக்கினாள். "இருங்க" என்றாள். மறுபடி இழுத்தாள். "கற்பூரவல்லியா?"

ஆமாம் என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறை சொன்னேன்.

நாலுக்கு ஒன்று.

மே 27, சனி

கற்பூரவல்லி, துளசி. நாலுக்கு இரண்டு.

ஜூன் 1, வியாழன்

நாலுக்கு மூன்று. புல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்கிறாள். அவசரமில்லை, நிதானமாக வரட்டும் என்றேன். சொன்னேனே தவிர, ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

நாலுக்கு நாலு.

இங்கே எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். மார்ச் ஆறாம் தேதி காலையில் கோயிலில் நின்று, இவளுக்கு மோப்பம் திரும்புகிற வரைக்கும் உப்பைத் தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். என்னிடம் அம்மனுக்குக் கொடுக்க வேறு பெரிய பொருள் எதுவும் இல்லை. முப்பத்தொரு வருஷம் எனக்குச் சோறு போட்டது அதுதான்.

இன்று சாயந்திரம் ஒரு பொட்டலம் உப்பும் மிளகும் வாங்கிப் போய் பலிபீடத்தில் கொட்டிவிட்டு வந்தேன். ராத்திரி தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும். மூன்று மாதம் கழித்து உப்பு. முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூங்கனி தன் சோற்றைத் தொடாமல் நான் தின்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?" என்று மூன்று முறை கேட்டாள்.

ஜூன் 14, புதன்

மூன்று நாளாகக் கச்சான் காற்று. மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு அடிக்கிறது. கட்டியிருந்த சேலை கிழிந்து பறந்தது. புதினா போய்விட்டது. தண்டு வரை கருகிவிட்டது, பிழைக்காது.

நர்சரிக்காரரிடம் இன்னொரு புதினா கேட்டேன். "கச்சான் நிக்கிற வரைக்கும் புதினாப் பேச்சே எடுக்காதீங்க அண்ணாச்சி" என்று திருநீற்றுப் பச்சிலைக் கன்று ஒன்றைக் கையில் வைத்தார். புதினா இருந்த தொட்டியிலேயே நட்டேன்.

பூங்கனியிடம் சொல்லவில்லை. அவள் பிறந்த வீட்டில் கிணற்றடி முழுக்க இந்தப் பச்சிலைதான் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நாளைக்குப் பேர் சொல்லாமல் நீட்டுவேன். அவளாகக் கண்டுபிடிக்கட்டும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15, வியாழன்

முதல் இலை. கண்ணை மூடி நன்றாக இழுத்தாள். "புதினா" என்றாள். "இன்னைக்கு நல்லாவே தெரியுது."

நாலுக்கு நாலு என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

தட்டில் இலைகளை மாற்றி வைத்தேன். முதலில் கற்பூரவல்லி, கடைசியில் பச்சிலை. அவள் புதினா, துளசி, புல், கற்பூரவல்லி என்று வரிசையாகச் சொன்னாள்.

வரிசை என்னுடையது. மூன்று மாதமாக ஒரு நாள்கூட நான் அதை மாற்றியதில்லை.

நாலுக்கு நாலு.

ஜூன் 18, ஞாயிறு

பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். மே 21, ஒன்று. 27, இரண்டு. ஜூன் 1, மூன்று. 6, நாலு. ஒரேயடியாக ஏற்றினால் நம்ப மாட்டேன் என்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஏற்றுவதுபோல ஏற்றியிருக்கிறாள். ஒரு முறைகூட ஒன்று இறங்கவில்லை. இதைக் கங்காணி பார்க்காமல் விட்டது எப்படி? பார்க்க விருப்பமில்லாததால்தான்.

அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜூன் 19 முதல் ஜூலை 8 வரை

நாலுக்கு நாலு. நாலுக்கு நாலு. தினமும் கீழே உட்கார்ந்து இலையைப் பிடிக்கிறேன், அவள் தினமும் சொல்கிறாள், நான் "சரி" என்கிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

பேச்சித்தாய் வந்தாள். பூங்கனிக்கு நாலும் தெரிகிறது என்று தெருவுக்கே தெரியும். நான்தான் ஜூன் மாதம் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

"அக்கா, பானைக்கு வந்துருவியல்லா?"

பூங்கனி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வாரேன்" என்றாள்.

முந்நூறு பேர் சாப்பிடுகிற சாம்பார். பத்துப் பெண்கள் சுற்றி நிற்பார்கள். இவள் குனிவாள், ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்த அளவைச் சொல்வாள். இருபது வருஷப் பேர் ஒரு பானையில் போய்விடும். எனக்காகச் சொல்லிய பொய் இவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்க வேண்டும். அங்கிருந்து பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 16, ஞாயிறு

ஒரு வாரமாக வாய் வரை வந்து வந்து திரும்பிப் போகிறது. இன்று மத்தியானம் தட்டில் இருந்த ஊறுகாயை ஓரமாக ஒதுக்கினேன். நாளையிலிருந்து உப்பு வேண்டாம் என்றேன். வேண்டுதல் நிறைவேறாமலே முடித்துவிட்டேன், அம்மனுக்கு என்ன பதில் சொல்ல?

பூங்கனி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஜூலை 20, வியாழன்

காலையில் தொட்டி விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். படியில் சத்தம் கேட்டது. திரும்பினால் பூங்கனி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது. முதல் தொட்டியைப் பார்த்தாள்.

"இது திருநீத்துப் பச்சிலல்லா."

"ஆமா."

"புதினா எப்பச் செத்துச்சு?"

"ஜூன் பதினாலு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப ஒரு மாசத்துக்கு மேலயா தெரிஞ்சுக்கிட்டே எனக்கு நாலுக்கு நாலு போட்டிய."

"நீயும் தெரியாமலேதான சொன்ன."

சுரண்டிய உப்பைக் கரண்டியிலிருந்து தட்டிவிட்டேன்.

"எதுக்குச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க உப்பு திங்கணும்லா. மூணு மாசமா எம் முன்னால உக்காந்து பச்சத் தண்ணியில பெசஞ்ச மாதிரிச் சோத்த முழுங்குனிய. எனக்கு மோப்பந்தான் போச்சு, கண்ணு போகல. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படித் திங்க?"

அவள் எடை குறைந்ததற்கு இத்தனை நாள் மூக்கின் மேலேயே பழியைப் போட்டிருந்தேன். இனிமேல் ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. சொல்லிவிட்டேன்.

"நாய் வரல, பூங்கனி. போன் அடிச்சுது. சட்டப் பையிலேர்ந்து எடுத்து யாருன்னு பாத்தேன். அனுசியா. பேர வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி மணலுக்குள்ள எறங்கிட்டு."

இதை அனுசியாவுக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். தெரிந்தால், தான் கூப்பிட்டதால்தானே அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று அவள் ஆயுளுக்கும் சுமப்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம். நான்தான் உன்னைத் தள்ளினேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நோட்டில்கூட நாய் என்றுதான் எழுதினேன், அதையும் ஒரு பக்கத்தில் கருப்பு, ஒரு பக்கத்தில் செவலை.

பூங்கனி அசையாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தெரியும்."

"எப்படி?"

"நான் பின்னாலதானங்க உக்காந்திருந்தேன். போன் அடிச்சதும் யாருன்னு உங்க தோளுக்கு மேல நானும் எட்டிப் பாத்தேன். எட்டுறதுக்காகக் கம்பியிலேர்ந்து கைய எடுத்தேன். பிடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேன்."

இது எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் அவளும் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, என் முழங்கையில் இருந்த பழைய சிராய்ப்புத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அனுசியாகிட்ட அது நாயாவே இருக்கட்டும்" என்றாள்.

சரி என்றேன்.

"அப்புறம் உப்பு. நீங்க வேண்டுனது எம் மூக்குக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படி வேண்டுவிய? நாளையிலேர்ந்து உப்பு போட்டுத்தான் வைப்பேன். அம்மன் கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

கொடைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "அதையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று நோட்டில் உள்ளபடி: பூஜ்யம்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கொடை.

பானைப் பக்கம் ஆண்கள் போவதில்லை. நான் பந்தல் கால் ஓரமாக, பேச்சு காதில் விழுகிற தூரத்தில் நின்றேன். சாம்பார் கொதித்ததும் பேச்சித்தாய் கூப்பிட்டாள். பெண்கள் வழி விட்டார்கள். பூங்கனி போய்ப் பானைக்கு முன்னால் நின்றாள். குனியவில்லை.

"பேச்சித்தாயி, எனக்கு மோப்பம் இல்ல. விழுந்த அன்னைலேர்ந்து இல்ல. நடுவுல வந்துட்டுன்னு சொன்னது பொய். இனி வருமான்னும் தெரியல. வேற ஆளு பாருங்க."

உறுமி அடிக்கிறவன்கூட என்னவோ ஏதோ என்று கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பேச்சித்தாய்க்குத்தான் முதலில் வாய் வந்தது. "அம்மன் முன்னால உள்ளதச் சொல்லிட்டிய, போதும்க்கா" என்று பூங்கனியின் கையைப் பிடித்து அங்கேயே பக்கத்தில் உட்கார வைத்தாள். அவளே குனிந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். ஒருத்தி அரைக் கை என்றாள், ஒருத்தி ஒரு கை என்றாள். கடைசியில் குத்துமதிப்பாக எதையோ போட்டார்கள்.

சாம்பாரில் உப்பு குறைவு. முந்நூறு பேரும் மூச்சு விடாமல் தின்றார்கள். அம்மன் சோற்றில் குறை சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

திரும்பி நடந்து வரும்போது, "அரைக் கை கொறஞ்சிருந்துச்சு" என்றாள் பூங்கனி. ஆமாம் என்றேன். அவள் நாக்கு சொன்னதும் என் நாக்கு சொன்னதும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 2, புதன்

ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நடுவில் உள்ள நாலுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வருஷம் கழித்து வந்தவர்களும் உண்டு, ஆனால் ரொம்பக் குறைவு, நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சாயந்திரம் பழக்கத்தில் இலைகளைக் கிள்ளித் தட்டில் வைத்துக் கொண்டு இறங்கினேன். கூடத்துக்கு வந்த பிறகுதான், இனி எதற்கு என்று தோன்றியது. நின்றுவிட்டேன். பூங்கனி வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே என்னக் கேக்காதிய. நீங்க சொல்லுங்க."

"என்னத்த?"

"வாசனய. எனக்கு மறந்துட்டு வருது. போன வாரம் துளசி எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன், பேருதான் வந்துச்சு, வாசன வரல. மூக்கு போனாப் போவுது. மனசுல இருக்கதும் போயிரக்கூடாதுல்லா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு இந்த வேலை தெரியாது. முதல் இலை, திருநீற்றுப் பச்சிலை. கசக்கி என் மூக்கில் வைத்தேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

"நல்லாருக்குன்னா?"

"துளசி மாதிரி. ஆனா துளசி இல்ல."

"அத யாரும் சொல்லுவா. உள்ள இழுங்க."

இழுத்தேன். ஐந்து மாதமாக இந்த இலைகளை அவள் மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறேன். ஒரு நாளாவது நான் முகர்ந்து பார்த்ததில்லை.

"கொஞ்சம் இனிப்பா வருது" என்றேன். "பொறவு காட்டமா. கடேசில ஒண்ணு இருக்கு, கிராம்பு மாதிரி."

பூங்கனியின் முகம் அசைந்தது. "ஆமா. கிராம்பு. அது கடேசிலதான் வரும்" என்றாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நான் இலையை இன்னும் கொஞ்சம் கசக்கினேன்.

"அப்புறம்?" என்றாள்.